பதிலுக்கு நிற்கிற முரளி சார்

“புரிஞ்சுதா? அர்த்தமாயிந்தா?” என்று தமிழிலும் தெலுங்கிலும் கேட்டுவிட்டு முரளி சார் நிற்கிறார். எதிரே பிள்ளைகள் இல்லை, கேமராதான். அதன் பின்னால் யாரோ ஒரு பையன் திருதிருவென்று விழிக்கிற மாதிரி அங்கேயே பார்க்கிறார். பிறகுதான் அடுத்த வரி.

நகரி தறிக்காரர் புருஷோத்தமனின் கடைசிப் பிள்ளை. அம்மா வழியில் புத்தூர்ப் பக்கம் பயிர் வைக்கிறவர்கள். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மனைவி சுலோச்சனா போய்ச் சேர்ந்தாள். மகள் ஹைதராபாத் போனதோடு சரி. இப்போது திருப்பதியில் ஒரு மாடி அறையில், போனில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் பதிவு செய்கிறார். வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. இந்த அறைக்கு வந்தால்தான் அவர் குரல் அவருக்கே கேட்கிறது.

பாடம் அவர் பாணிதான். “மூணு எக்ஸும் ரெண்டு எக்ஸும் பங்காளிங்க. சேந்தா அஞ்சு எக்ஸ். ஒய் வேற வூடு. பக்கத்துல குந்திக்கினு இருக்கும், சேராது.”

பதிலுக்கு நிற்கிற பழக்கம்தான் வினையாகிவிட்டது. கேமரா பிடிக்கிற ரோஹிணி அன்று காலையிலேயே சொல்லிவிட்டாள்: “நீங்க கம்முனு நிக்கசொல்ல பசங்க வேற வீடியோவுக்குப் போய்ட்றாங்களாம் சார். இன்னிக்கும் நின்னா வேற ஆள வச்சுக்கறேன்றாரு ஓனர்.”

“பதில் சொல்ல டைம் குடுக்கணும்மா.”

“யாரு சார் சொல்லப் போறாங்க? நானா?”

அன்றைய பாடம், ஒருவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற கணக்கு. “பலமனேர் பால்காரரு பாக்கெட்ல அரை லிட்டர் கீதுன்றாரு. திருடன்னு ஆரம்பிக்கக் கூடாது. அவர் சொல்றது நெசம்னு வச்சிக்கினுதான் அளக்கணும். நெறைய பாக்கெட் அளந்தும் அளவு ரொம்ப எட்டப் போச்சுன்னாதான் ஒத்துக்க மாட்டேன்னு சொல்லலாம்.”

‘புரிஞ்சுதா?’ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். கடைசி வரிவரை ஒரே ஓட்டம்.

“சூப்பர் சார்! ஒரு எடத்துலயும் நிக்கல. ஓனரு வாயே தெறக்க மாட்டாரு” என்று ரோஹிணி கேமராவை அணைத்தாள். வேலை தங்கிவிட்டது. அவர் பலகையைத் துடைத்தார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவள் கதவருகே திரும்பினாள். “சார், எங்க வூட்டு பாக்கெட்டும் கொறச்சலாத்தான் கீது. ஒரே ஒரு பாக்கெட்ட அளந்துட்டு சண்டைக்குப் போனா இன்னா தப்பு?”

முரளி சார் பேனாவின் மூடியைத் திறந்தார். பலகையில் ‘ஒரே பாக்கெட் போதுமா? ஏன்?’ என்று எழுதினார். அவளுக்கு மறைக்காதபடி ஓரமாக நகர்ந்து, பதிலுக்கு நின்றார்.