இடது கையும் என்டர் விசையும்

என் புருஷன் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினான். "கம்ப்யூட்டர் தட்டுற கைதான இது? இனிமே தட்டு, பாப்போம்" என்றான். மூன்று விரல்கள் முறிந்தன.

எண்பதுகளின் கடைசி. சுங்கை லாலாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் உட்கார்ந்த என்னை லயத்து வீடுகளில் எல்லோரும் ஆபீஸ் கணக்கரைக் கூப்பிடுகிற மாதிரி 'கிராணி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலையைத் தொலைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது வயிற்றெரிச்சல்.

மாவுக்கட்டோடு ஆபீசில் போய் நின்றேன். பெரிய கிராணி கட்டைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சனிக்கிழமைக்குள்ள இந்த மாசக் கணக்கு ஏறலன்னா வேற ஆள்தான்லா, தங்கச்சி" என்றார். வேலை போனால் அவன் காலடியில்தான் கிடக்க வேண்டும். அந்தப் பயம் விரல் வலியை மறக்கடித்தது.

பாலுக்காக மரம் வெட்டுகிறவரின் எண், பால் எடை, உறைந்த கட்டிப்பால் எடை என்று திரையில் ஆளுக்கு மூன்று கட்டம். என்டரைத் தட்டினால் எண் பதியும், அவ்வளவுதான். அடுத்த கட்டத்துக்கு அம்புக்குறியை அமுக்க வேண்டும். எங்களுடைய பழைய விசைப்பலகையில் எண்களும் அம்புக்குறிகளும் ஒரே விசைகளில் இருந்தன. மாற்றி மாற்றிப் போட இன்னொரு விசை. அதை ஒற்றை இடது கையால் செய்து பாருங்கள், பைத்தியம் பிடிக்கும்.

கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டி, திரையில் தெரிந்த கணக்குத் தாளின் ஓரத்தில் சில கட்டளைகளை எழுதினேன். என்டரைத் தட்டினால் கட்டம் தானாக வலப்பக்கம் நகர வேண்டும். மூன்றாவது முடிந்ததும் அடுத்த வரிக்குப் போக வேண்டும். முதல் தடவை அது நிற்காமல் ஓடி எல்லாவற்றையும் கெடுத்தது. அவனைத் திட்ட வேண்டியதையெல்லாம் திரையைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் சரியாக நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை அவன் ஆபீசுக்கு வந்தான். என்னை விரட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க வந்தவன், நான் தட்டுவதைப் பார்த்தான்.

"ஒத்தக் கையிலயேவா?" என்று என் இடது கையைப் பிடித்து விரல்களைப் பின்னால் வளைத்தான்.

"குடும்பச் சண்டையெல்லாம் வெளிய வச்சுக்குங்கலா" என்றார் பெரிய கிராணி, நாற்காலியை விட்டு எழாமலே.

அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பிடி விட்டதும் விசைப்பலகையைத் தூக்கினேன். அடியில் இரும்புத் தகடு வைத்த கனமான சாமான். முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்ட, முழங்காலில் விழுந்தான். இன்னோர் அடி தேவையே இல்லை. ஆனாலும் அடித்தேன்.

அப்போதுதான் பெரிய கிராணி ஓடி வந்து விசைப்பலகையைத் தடவிப் பார்த்தார். "ஆபீஸ் சாமான்லா! ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி மாட்டி, ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, மீதி ஆட்களின் கணக்கையும் ஏற்றி முடித்தேன். சாயங்காலம் லயத்துப் பக்கம் திரும்பாமல் பீடோங் பஸ்ஸில் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். அவனோடு அதற்குப் பிறகு ஒரு நாளும் வாழவில்லை.