எண்ணெய் எவ்வளவு என்று முதலில் கேட்டவர்

என் மகள் யாழினிக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பிரகாஷ் போன் செய்தார். "சுதா, எமல்டா அக்கா போயிட்டாங்க. காபி குடிச்சிட்டு பேப்பர் பிரிச்சாங்களாம். அவ்ளோதானாம்."

நான் முதலில் கேட்ட கேள்வியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "அவங்க பின்கட்டு அலமாரி பூட்டியிருக்கா?" என்றுதான் கேட்டேன். "பூட்டித்தான் இருக்கு. சாவி ஆணியில இருக்கு," என்றார் என் கணவர். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அக்கா மட்டும் கேட்டிருந்தால், கேள்வியின் வரிசை சரிதான் என்று சொல்லியிருப்பார்.

மைதானத்தில் மாதிரி விமானம் பறக்கவிடும் நண்பர்களே, அக்காவின் நினைவு மலருக்கு நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. பாக்கி என்னுடையதுதான். குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டு வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், போன மாதம் மைதானத்தில் நடந்தது நடக்கும்வரை எனக்கு எழுதக் கை வரவில்லை. அதை முறையாகச் சொல்கிறேன்.

எமல்டா அக்கா எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். பக்கத்து வடக்குத்து கிராமத்தில் பிறந்து, சுரங்கத்துக்குச் சாமான் கொடுக்கும் ஸ்டோர்ஸில் பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்து, அப்புறம் பர்மனென்ட் ஆனவர். காலை நடைக்கு வந்த இடத்தில் நீங்கள் எல்லாம் ரிமோட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு தபா குடுங்க" என்று வாங்கி, அடுத்த நிமிடமே விமானத்தைப் புங்க மரத்தில் ஏற்றினார். உடைத்தது ஒன்று, செய்து கொடுத்தது இரண்டு. அது உங்கள் கதை. என் கதை அந்த விமானங்கள் குடிக்கும் எரிபொருளைப் பற்றியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பிரகாஷுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. யாரிடமிருந்தோ ஒரு மாதிரி விமானத்தை இன்ஜினோடு வாங்கி வந்தார். இந்தச் சின்ன இன்ஜின் பெட்ரோலில் ஓடாது. மெத்தனாலோடு விளக்கெண்ணெய், வீரியத்துக்குக் கொஞ்சம் நைட்ரோமீத்தேன் எல்லாம் கலந்து, நிறம் போட்டு விற்கிற எரிபொருள் வேண்டும். பிரகாஷ் அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து, சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நல்ல ரோஸ் நிறம். இரண்டு வயது யாழினி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மூடியில் கை வைத்து, "அம்மா, ரோஸ்மில்க்!" என்றாள்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். மெத்தனால் ஒரு குழந்தையின் கண்ணை என்ன செய்யும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். நான் போட்ட கத்தலில் எதிர் வீட்டிலிருந்து அக்கா தோசைத் திருப்பியோடு ஓடி வந்தார். பாட்டிலைப் பார்த்தார், குழந்தையின் வாயை முகர்ந்தார், ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு குளியலறைக் கதவைத் தோசைத் திருப்பியால் தட்டினார்.

"யோவ் பிரகாஷு! வூட்ல ரோஸ்மில்க் கடை வெச்சிகினு இருக்கியா? வெளிய வா!"

"அக்கா, சோப்பு போட்டுகினு இருக்கேங்க..."

"சோப்போட வா!"

பிரகாஷ் துண்டும் நுரையுமாக வந்து நின்றதும், அந்த நடுக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நானும் பாப்பாவும் இருக்கோம்," என்றேன்.

எனக்குப் பயம் அதிகம். பல்லி விழுந்தாலும் பயம், குழந்தை இரண்டு முறை தும்மினாலும் பயம். பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாவற்றிலும் எனக்குக் கிடைத்த ஒரே மருந்து "பயப்படாத" என்ற வார்த்தைதான். அக்கா அதைச் சொல்லவில்லை.

"நீ பயப்படறது கரெக்ட்டு," என்றார். "ஆனா உன் பயம் கான்ட்ராக்ட் ஆளு மாதிரி இருக்குது சுதா. வேலை குடுக்கலன்னா சுரங்கத்து கேட்டாண்ட நின்னு கத்திகினுதான் இருக்கும். நானே பன்னெண்டு வருஷம் நின்னு கத்துனவ. அதுக்கு ஒரு வேலை குடு."

வேலையை அவரே கொடுத்தார். அன்று மத்தியானமே அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு இரும்பு அலமாரி வந்தது. பூட்டின் சாவி யாழினிக்கு எட்டாத ஆணியில் ஏறியது. மைதானத்தில் யாருடைய எரிபொருளாக இருந்தாலும் அந்த அலமாரியில்தான் இருக்க வேண்டும். அது வந்த கேனை விட்டு வேறு பாட்டிலுக்குப் போகக் கூடாது. சரிபார்க்கும் ஆள் நான். "இன்ஸ்பெக்டர் மேடம்" என்ற பெயர் அன்றுதான் விழுந்தது.

பஸ்ஸிலும் ரயிலிலும் இதை ஏற்றக் கூடாது, கூரியர்காரர்களும் வாங்க மாட்டார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரகாஷின் பழைய வேனில் சென்னைக்குப் போவோம். முதல் முறை போனபோது கடைக்காரர் ஒரு பளபளப்பான கேனைத் தூக்கி வைத்தார். "மேடம், நைட்ரோ முப்பது பர்சன்ட். சும்மா பறக்கும்!"

அக்கா கேனைத் தொடவில்லை. "மசாலா எவ்ளோன்னு அப்புறம் சொல்லுங்க தம்பி. எண்ணெய் எவ்ளோ? அத மொதல்ல சொல்லுங்க."

கடைக்காரர் லேபிளைத் திருப்பிப் படித்து, தயங்கி, அதில் எண்ணெய் குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார். அது ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களுக்கானது. "ஏன் தம்பி, எங்க இன்ஜின் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அக்கா. திரும்பி வரும்போது எனக்கு விளக்கினார்: மெத்தனால்தான் சாப்பாடு, நைட்ரோ மசாலா, எண்ணெய்தான் உயிர். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் இரும்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, எரிபொருளோடு வருவது மட்டும்தான். மசாலா குறைந்தால் இன்ஜின் கொஞ்சம் சோம்பும், எண்ணெய் குறைந்தால் செத்துப்போகும். புது இன்ஜினுக்கு விளக்கெண்ணெய் கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். "புள்ளைக்கும் அதான், இன்ஜினுக்கும் அதான்," என்று யாழினியின் வயிற்றைத் தட்டினார்.

அன்று கடையில் என் வேலையும் நடந்தது. ஒரு கேனின் சீல் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. சொல்லலாமா என்று நான் அக்கா காதில் முணுமுணுத்தேன். "காதுல சொல்ற வேலையா இது? சத்தமா சொல்லு!" என்றார். "ரிஜெக்ட்," என்றேன். என் வாழ்க்கையில் அதுவரை யாரையும் எதையும் நான் ரிஜெக்ட் செய்ததில்லை. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கடைக்காரர் எங்கள் வேனைப் பார்த்தாலே, "பரீட்சை வந்துடுச்சு," என்பார்.

அக்கா தவறே செய்யாதவர் என்று எழுதினால் நீங்கள் யாரும் நம்ப மாட்டீர்கள். டிரம் கதையை மறந்திருக்கவும் மாட்டீர்கள். ஸ்டோர்ஸ்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது வந்து ஒரு பொருளைக் கேட்கும்போது "ஸ்டாக் இல்லை" என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்கு இல்லை. அந்த வருடம் ஐப்பசியில் அக்கா சின்ன கேன்களை விட்டுவிட்டு ஒரு பெரிய டிரம்மாக வாங்கிவிட்டார். "பொங்கல் வரைக்கும் எவனும் இல்லன்னு சொல்லக் கூடாது!"

"அக்கா, மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். அடை மழைக் காலம். வாரா வாரம் திறந்து திறந்து மூடுனா..."

"மூடி போட்டுட்டா என்னா இன்ஸ்பெக்டர் மேடம்? அதுக்குக் கூடவா ஜலதோஷம் புடிக்கும்?"

பிடித்தது. காணும் பொங்கலன்று பிளாக்கின் குழந்தைகள் எல்லாம் கரும்பும் கையுமாக மைதானத்தில் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு இன்ஜினும் நன்றாகத்தான் கிளம்பியது. பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியை எடுத்த மறுகணம் ஒரு இருமல் இருமி நின்றது. ஏழு விமானங்கள், ஏழு இருமல்கள். குழந்தைகள் நான்காவதிலிருந்து சேர்ந்து இரும ஆரம்பித்தார்கள். ஆண்கள் பிளக்கைக் குறை சொன்னார்கள், எரிபொருள் அளவை மாற்றும் ஊசியைத் திருகினார்கள், ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அக்கா நடு மைதானத்துக்குப் போய் நின்றுகொண்டு கத்தினார்: "நிறுத்துங்கப்பா! இன்ஜின் மேல தப்பில்ல. டிரம்ல ஈரம் ஏறிடுச்சு. சுதா சொன்னா, நான் கேக்கல. தப்பு என்னுது!" பிறகு யாழினியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கைகளை விரித்து, வாயாலேயே இன்ஜின் ஓட்டி மைதானத்தைச் சுற்றி வந்தார். அன்றைக்குப் பறந்த ஒரே விமானம் அதுதான். மறுநாள் முதல் சின்ன கேன் மட்டுமே. திறந்த தேதியை லேபிளில் எழுத வேண்டும், மூன்று மாதம் தாண்டினால் யாருடையதானாலும் ரிஜெக்ட். அந்த விதியை எழுதியவரும் அவர்தான்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். அக்கா தனக்கென்று செய்துகொண்ட மஞ்சள் விமானத்தை அவர் நினைவாக ஒருமுறை பறக்கவிடுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள். அவருடைய அலமாரியில் பாதி கேன் இருந்தது. "அக்கா கையால திறந்தது. அதுலயே ஓட்டுவோம்," என்று யாரோ சொன்னதும் எல்லோரும் தலையை ஆட்டினீர்கள். கேனை என்னிடம் கொடுத்தது, நான் மூடியைத் திறந்து ஊற்றுவேன் என்றுதான்.

லேபிளில் அவர் கையெழுத்தில் தேதி இருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சில மாதம் பறக்கவிடவில்லை. கேன் பாதியோடு அப்படியே நின்றிருக்கிறது. மூன்று மாதம் எப்போதோ தாண்டியிருந்தது. சுற்றிலும் இருபது பேர். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் விமானம் புல்லில் காத்திருந்தது. இந்த நேரத்தில் இதைச் சொல்வதா என்று லேபிளை இன்னொரு முறை படித்தேன். ஊற்றியிருந்தால் ஒருவேளை ஓடியும் இருக்கும். ஒருவேளை தலைக்கு மேலே போய் ஒரு இருமல் இருமி, அவர் கையால் செய்ததில் எஞ்சிய ஒரே விமானம் புங்க மரத்தில் நொறுங்கியும் இருக்கும்.

"ரிஜெக்ட்," என்றேன். காதில் இல்லை, சத்தமாக.

பிரகாஷ்தான் முதலில் சிரித்தார். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரித்தீர்கள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். "அக்கா சரக்கையே அக்கா ரூல்ல தள்ளிட்டியேம்மா!" என்று யாரோ கத்தினார்கள். விமானத்தைத் துணி போர்த்தி வீட்டுக்கு எடுத்துப்போனோம்.

அடுத்த சனிக்கிழமை சென்னைக்குப் போனோம். கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்து அக்காவைத் தேடினார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு கேனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது: "அங்கிள், எண்ணெய் எவ்ளோ?" யாழினிதான். கடைக்காரர் லேபிளைத் திருப்பி, அவளுக்குத்தான் பதில் சொன்னார்.

ஞாயிறன்று மஞ்சள் விமானம் பறந்தது. பேட்டரியை எடுத்த பிறகும் இன்ஜின் நிற்கவில்லை. விளக்கெண்ணெய்ப் புகை வாசம் மைதானம் முழுக்க இறங்கியது. யாழினி, பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், நான் காட்டிய இடத்தில் நின்று கைதட்டினாள்.

அந்தப் பழைய கேனின் லேபிளை உரித்து எடுத்து வைத்திருக்கிறேன். அலமாரியின் உள்கதவில், அவர் எழுதிய தேதியோடு ஒட்டியிருக்கிறது. அலமாரி இப்போது எங்கள் பின்கட்டில் இருக்கிறது, சாவி ஆணியில் இருக்கிறது. என் பயமும் போய்விடவில்லை அக்கா, கூடவேதான் இருக்கிறது. கேட்டாண்ட நின்று கத்துவது மட்டும் நின்றுவிட்டது. நீங்கள் கொடுத்த வேலையில் அது பர்மனென்ட் ஆகிவிட்டது.