சேகர் அண்ணன் பெயரில் போன செய்தி

சேகர் அண்ணா, உன் கருமாதி முடிந்த மறுநாள் இப்படிச் செய்துவிட்டேன்.

மலேசியாவில் நம் ஊரான லூனாஸில் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் நீ ஓட்டிய நம் வேன் கிளம்பியதும் அவர்களுக்குச் செய்தி போக நீ எழுதிய புரோகிராமை, அதிகம் படிக்காத நான் சோதித்துப் பார்த்தேன். செய்தியை அனுப்பும் கிளையண்ட் கோடில், யாருக்கும் செய்தி போகாத சோதனை சர்வரின் முகவரிதான் இருந்தது. பயமில்லாமல் ஒரு செய்தி அனுப்பினேன். ஓடும்போது செட்டிங்கிலிருந்து உண்மையான சர்வரின் முகவரி வந்து அந்த இடத்தில் உட்காரும்படி நீ எழுதியிருந்தது எனக்குத் தெரியாது.

உடனே, டயாலிசிஸுக்கு நம் வேனில் போகும் பாப்பாத்தி அக்கா போனில் அழைத்தார்.

“தம்பி, ‘வேன் கெளம்பிடுச்சு, சேகர்’னு மெசேஜ் வந்திருக்குலா! அவன் கருமாதியில சாப்பிட்டுட்டு வந்தேனேடா!”



“நான்தான் தப்பா அனுப்பிட்டேன்கா. இன்னிக்கு வேன் இல்ல.”

“நான் வீட்டு கேட்டுல நிக்கிறேன்டா. வந்துருவான்னு நெனச்சுட்டேன்.”



இதைப் படிப்பவர்களே, நீங்கள் எல்லோரும் என் சேகர் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.