மில்லின் முதலுதவி அறை

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடம் நர்ஸாக ஷிப்ட் பார்த்தேன். முதுகுவலி தாங்க முடியாமல் போனதும், திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் மட்டும் பார்க்கிற வேலையாகத் தேடினேன். குமாரபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில், முதலுதவி அறையைக் கவனித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

முதல் மாதம் வெட்கமாகவே இருந்தது. வென்டிலேட்டர் பார்த்த கை, விரல் காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மில்லில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்து தலைவலி மாத்திரை கேட்டார். கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஏனுங்க சிஸ்டர், கதவச் சாத்திக்கட்டுங்களா?"

மார்பில் ஒரு கட்டி. ஆறு மாதமாக இருக்கிறதாம்.

"ஊட்ல யாருக்கும் தெரியாதுங்க. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போவப் பயமா இருக்குதுங்க."

நான் வார்டிலேயே இருந்திருந்தால், நோய் முற்றிய பிறகு கட்டிலில்தான் இவரைப் பார்த்திருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சனிக்கிழமை எனக்கு லீவுங்க்கா. நானும் கூட வாரேன்."

சேலம் போகும்வரை பஸ்ஸில் என் முந்தானையை அவர் விடவே இல்லை. பரிசோதனையில் தெரிந்தது: புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை, மருந்து என்று மாதங்கள் ஓடின. அடுத்த வருடம் மறுபடி வேலைக்கு வந்தவர், நேராக என் அறைக்கு வந்து தலைத்துணியை அவிழ்த்தார்.

"தொட்டுப் பாருங்க சிஸ்டர், முடி மொளச்சிருச்சுங்க."

தொட்டுப் பார்த்தேன். கோழிக்குஞ்சு போல மெத்தென்று இருந்தது.