குறுக்கே போட்ட பெல்ட்

போன வாரம் மகன் புதுக் கார் எடுத்தான். மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். கூடுவாஞ்சேரியிலிருந்து அதிலேயே கிளம்பினோம். முன் சீட்டில் என்னை உட்கார வைத்து, "பெல்ட்டப் போடும்மா" என்றான். இழுத்துச் சொருகினேன். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "இன்னாம்மா, ஏசி ஜாஸ்தியா கீதா?" என்று கேட்டு அதைக் குறைத்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவனிடம் வேறு என்ன சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஏரோப்ளேனில் வேலை பார்த்தவள். சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஐந்தாவது வரை படித்தவள், நாலு பேர் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவள், நானா? பறந்ததெல்லாம் கிடையாது. ப்ளேன் இறங்கி ஜனம் போனதும் பின்பக்க ஏணியில் ஏறிப் பெருக்கித் துடைக்கிற வேலை. பெரிய கம்பெனி. ஏணியில் ஏறும்போதே அந்த வாசனை முகத்தில் வந்து மோதும். ஆறிப்போன காபி, குழந்தை கக்கிய பால், கழற்றி மாட்டிய சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பணக்காரர்களின் சென்ட். குளித்தாலும் அது தலைமுடியை விட்டுப் போகாது.

துடைத்து முடித்தால் கடைசி வேலை, சீட்டில் இருக்கும் பெல்ட் இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட வேண்டும். சூப்பர்வைசர் பாஸ்கர் சார் சீட்டைப் பார்க்க மாட்டார், பெல்ட்டைத்தான் பார்ப்பார். குறுக்கே போடாத சீட்டில் கை படவில்லை என்று அர்த்தம். "ஏம்மா, இது இன்னா உங்க வூட்டுக் கட்டிலா?" என்று கத்துவார். கை அதற்குப் பழகி, வீட்டில் மடிக்கிற துண்டின் முனைகளையும் குறுக்கே போட்டுவைத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

எனக்கு எதிர் வரிசை மரகதத்துடையது. கோவளத்துக்காரி, வாய் ஓயாது. நான் பேசாததால் எனக்கு ஊமக்கா என்று பேர் வைத்ததே அவள்தான். அவள் புருஷன் ஏழுமலை படகில் மீன் பிடிக்கப் போகிறவன். அவள்மேல் வீசுகிற அந்த ப்ளேன் சென்ட் வாசனைதான் அவன் அவளை அடிக்கக் காரணம். "எவன்கூட இருந்துட்டு வர்ற?" என்று கேட்பான். பதில் வருவதற்குள் கை வந்துவிடும். ஒரு காது கிழிந்தது, முன் பல் இரண்டு போனது.

வீங்கிய முகத்தைப் பார்த்து பாஸ்கர் சார், "இந்த மூஞ்சியப் பாசஞ்சர் பாத்தா கம்பெனி மானம் போய்டும். இன்னொரு தபா இப்டி வந்தா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்றார். அன்று முழுக்க மரகதம் குனிந்த தலை நிமிராமல் துடைத்தாள். சாயந்திரம் என்னிடம் மட்டும், "வேல போச்சுன்னா நாள் பூரா அவன் கையிலதான் ஊமக்கா. கொன்னுருவான்" என்றாள்.

அதிலிருந்து தினமும் காலையில் திரிசூலம் ஸ்டேஷன் வாசலில் கம்பெனி வேனில் ஏறியதும் அவள் தாவாயைத் தூக்கிப் பார்ப்போம். எவ்வளவு பவுடர், மாஸ்க் போதுமா என்று தெரிய வேண்டுமே. முகம் ரொம்ப மோசமாக இருந்தால் பின்னால் கக்கூஸ் கழுவ அனுப்பிவிட்டு, அவள் வரிசைப் பெல்ட்டை நாங்கள் குறுக்கே போட்டுவிடுவோம்.

ஒரு நாள் காலை அவன் அவள் பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டான். அவள் வேன் படியில் கால் வைக்கும்போது கொண்டையைப் பிடித்து இழுத்தான். பின்மண்டை படியில் மோதியது. "வேலைக்காடி போற, வேலைக்கி?" பேப்பரில் சுற்றி வைத்திருந்த மீன் வெட்டுகிற கத்தி. முதல் வெட்டு, தடுத்த கையில் விழுந்தது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. சுற்றி ஆம்பிளைகள் நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான்.

வாந்தி பட்ட பெல்ட்டுகளை வெளியே சலவைக்கு அனுப்புவார்கள். சுத்தமாகி வரும் மூட்டை எங்கள் வேனில்தான் வரும். அன்று அது என் காலடியில் இருந்தது. ஒன்றை உருவினேன். நுனியில் உள்ளங்கை அளவு இரும்புப் பக்கிள். வீசினேன். அவன் கண்ணில் பட்டது. தேங்காய் விரிசல் விடுகிற சத்தம். கத்தி விழுந்தது. நான் நிறுத்தவில்லை. எங்களோடு வேலை பார்க்கிற தனம் ஒன்றை உருவினாள், பிறகு வேனில் இருந்த எல்லோரும். வாய், மூக்கு, விரல் முட்டி. "போதும்க்கா, போதும்க்கா" என்று அவன் அலறினான். அவன் வாயில் அக்கா என்று வந்தது எனக்கு நன்றாக இருந்தது. இன்னும் நாலு போட்டேன்.

அவன் அசையாமல் கிடந்ததும் தனம் கையைக் காலைக் கட்டினாள். கடைசியில் அவன் நெஞ்சின் மேல் இரண்டு பெல்ட்டைக் குறுக்கே போட்டு, நேராக்கியும் விட்டாள்! வேலை முடிந்தால் கை தானாகச் செய்வதுதான். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தோம். பாஸ்கர் சார் வந்து பார்த்தார். "பெல்ட்டெல்லாம் ரத்தம். அலசி மாட்டுங்க, பாம்பே ப்ளைட் எறங்கிடுச்சு" என்றார். போலீஸ் வந்து மரகதத்தின் கையைப் பார்த்துவிட்டு அவனைத்தான் கொண்டுபோனது. பாம்பே போனவர்கள் அந்தப் பெல்ட்டைத்தான் வயிற்றில் கட்டிக்கொண்டு போனார்கள்.

அவன் ஒற்றைக் கண்ணோடு ஜெயிலிலிருந்து வந்தான். மரகதம் தையல் போட்ட கையை நீட்டி, "என் புருசன் கண்ண எடுத்துட்டியேடி பாவி" என்று என்னை ஏசினாள். ஏசிவிட்டு என் டப்பாவிலிருந்தே சாப்பிட்டாள். அதற்குப் பிறகும் தினமும் தாவாயைத் தூக்கிப் பார்த்தோம், மறைக்க அல்ல. முகம் சுத்தமாக இருந்தது. "மூஞ்சில கை வெச்சா அந்த ஊமச்சி வந்துருவாளோன்னு அந்தாளு பயந்துகினு கீறான்" என்று சிரிப்பாள், பல் இல்லாத இடம் தெரிய.

பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். ப்ளேன்கள் வரிசையாக நின்றன. வேன் வரவில்லை. ஆளுக்கொரு திசையில் போனோம்.

கல்யாணத்துக்குப் போகிற வழியில் கோவளம் முனையில் மகன் இளநீருக்கு நிறுத்தினான். மீன் விற்கிற ஒருத்தியிடம் கூச்சத்தை விட்டு மரகதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ப்ளேன் மரகதமா? அது செத்து ரொம்ப நாளாவுது. மாடிப்படியில வுழுந்துருச்சின்னு அந்தாளு சொன்னான்."

"ஐயோ."

"அவங்க வூட்டுக்கு ஏதுக்கா மாடி? கூரை வூடு." ஈயை விரட்டிக்கொண்டே தாவாயால் காட்டினாள். "அதோ, டீக்கடையில குந்திகினு கீறான் பாரு, ஒத்தக் கண்ணன்."

காரில் ஏறினேன். கம்பெனி இல்லை, வேன் இல்லை, காலையில் அவள் தாவாயைத் தூக்கிப் பார்த்த கைகள் எங்கெங்கோ. டீக்கடையில் அவன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டும்மா" என்றான் மகன்.

கார் பெல்ட் கையோடு கழன்று வருவதில்லை. இழுத்துப் பார்த்துவிட்டேன்.