மூக்குவரை இறங்கிய பாசிகம்

நாற்பதைத் தொடும் வயதில்தான் எனக்குப் பெண் அமைந்தது. பெண் பார்க்கப் போன அன்று நான் பார்த்தது காபி டம்ளரை மட்டும். "அவுரு பேசுவாரா?" என்று பெண் கேட்டாளாம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பேச வராவிட்டால் போகிறது, கல்யாணத்தன்று அவள் எதிரில் நாலு பேர் சிரிக்கும்படி ஆகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

பேச்சு வராவிட்டாலும் எனக்குப் பின்னல் வரும். புத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பாவாடை நாடா பின்னும் மெஷின் ஓடுகிறது. திருப்பதிக் கடைகளுக்கு அதுதான் போகிறது. கையால் பின்னுவது கல்யாணப் பாசிகத்துக்கு மட்டும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நெற்றியில் கட்டுகிற பட்டை அது. மஞ்சள் நூல்களை ஜன்னல் கம்பியில் முடிந்து, ஓரத்து நூலை மற்றவற்றின் மேலும் கீழுமாக விட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். இழுப்பு மாறினால் பட்டை பாம்புபோல் நெளியும்.

எல்லோரும் அதன் நுனிகளைத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். என் கல்யாணத்துக்கு அது போதாது என்று தோன்றியது. இரண்டு நுனிகளையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பின்னி, சேர்த்த இடமே தெரியாத வளையமாக்கினேன். தலையில் மாட்டிப் பார்த்தேன். என் சுருட்டை முடியின் மேல் கிரீடம்போல் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதன் பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். "டேய், உனக்கு பொண்ணு அமைஞ்சா மொட்டை போடறதா மலைக்கு வேண்டிக்கினு கீறேன். தாலி ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும்."

"இப்பவா?"

"பின்ன? உனக்கு பொண்ணு தேடி சாமியே களைச்சிப் போயிட்டாரு. இன்னும் காக்க வைக்கிறியா?"

அக்காவை எதிர்த்துப் பேச எனக்கு எப்போது வந்தது? திருப்பதி மலைக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாசிகத்தின் நினைவே வரவில்லை.

மேடையில் அக்காதான் அதை என் மொட்டைத் தலையில் மாட்டிவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரை எப்படியோ நின்றது. புரோகிதர் தாலியைக் கொடுத்தார், கெட்டிமேளம் முழங்கியது, அவள் கழுத்தருகே குனிந்தேன். பட்டை நழுவி மூக்கில் வந்து நின்றது. இரண்டு கண்ணும் மறைந்துவிட்டன. இரண்டு கையிலும் தாலிக்கயிறு. வாயோ வழக்கம்போல் திறக்கவில்லை. தடவித் தடவிக் கட்டப் பார்த்தேன்.

"இன்னாங்க, அது என் காது," என்றது ஒரு மெல்லிய குரல்.

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. புரோகிதர், "ஆகண்டி, ஆகண்டி" என்று தெலுங்கில் என்னை நிறுத்தினார். அப்படியே எழுந்து ஓடிக் காளஹஸ்தி பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றிருந்தது.

அப்போது காதோரம் வளையல் சத்தம் கேட்டது. பட்டை மெதுவாக மேலே ஏறியது. அவள்தான். வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, பட்டையை என் தலைக்குப் பின்னால் மடித்துக் குத்தினாள். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப கண்ணு தெரியுதா?"

"தெரியுது," என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"பாருங்கடி, இவன் கட்டறதுக்கு முன்ன அவ இவன கட்டிட்டா!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். நான் தாலியைக் கட்டினேன், சரியான இடத்தில்.

அன்று மாலை அவள் பாசிகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்த யாரு பின்னுனது?"

"நான்தான்."

"பின்னல் நல்லாதான் கீது. சேத்த எடமே தெரியல. அளவுதான்..." மேலே சொல்ல முடியாமல் சிரித்தாள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது பின்னுவது மட்டும்தான் என் வேலை. வந்தவர்களிடம் பேசுவதும் அளவெடுப்பதும் அவள். போன வாரம் சத்தியவேட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பாசிகம் சொல்ல வந்தார்கள். அளவு நூலை எடுக்குமுன் அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவர்களிடம் கேட்டாள்:

"புள்ளைக்கு மலை மேல வேண்டுதல் எதனா கீதா?"