பன்னிரண்டாவது நாற்காலி

அந்த வருடம் பெரிய வியாழனுக்குக் காலைக் கழுவிக்கொண்டு வர மாட்டேன் என்று நைனா சொன்னதும் அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. நைனாவுக்கு ஆனந்தம். எனக்கு அதைவிட ஆனந்தம். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாராவது யாரையாவது ஜெயிக்க வேண்டும், ஜெயிக்கிறவர் நைனாவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் விசுவாசம்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் அல்லவா, அதன் நினைவாகப் பெரிய வியாழன் மாலை எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். சாமியார் முழந்தாளிட்டு ஒவ்வொருவரின் வலது காலிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்து, முத்தமிடுவார். தாழ்ச்சி என்றால் என்ன என்று காட்டும் சடங்கு அது. ஆனால் கால் நீட்டுகிறவர்களுக்கு அன்று வேறு கவலை. கழுவப்படப்போகிற காலை வீட்டிலேயே கழுவிவிடுவார்கள். குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சாமியார் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய நிறத்திலேயே கீழே வைத்த பேசினில் விழும். அதில் சோறே பொங்கலாம்.

நாற்காலிகளுக்குப் பெயரும் உண்டு. முதல் நாற்காலி இராயப்பர். அப்புறம் அந்திரேயா, யாகப்பர், அருளப்பர் என்று போகும். பன்னிரண்டாவது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'பன்னிரண்டாம் சீடர்' என்று மட்டும் மைக்கில் அறிவிப்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை ஈஸ்டர் முடியும்வரை பையன்கள் 'முப்பது காசு' என்று கிண்டல் செய்வார்கள். அதனால் ஊருக்குப் புதிதாக வந்தவர், கிண்டல் தெரியாதவர் யாராவது ஒருவர் தலையில்தான் அதைக் கட்டுவது.

யாருக்கு எந்த நாற்காலி என்று முடிவு செய்கிறவர் என் பெரியப்பா. நைனாவின் சொந்த அண்ணன். பொதட்டூர்பேட்டையில் சொந்தத் தறி ஓட்டியவர், கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் இருந்தவர், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி இல்லாமல் தெருவில் இறங்காதவர். முதல் நாற்காலி எந்த விவாதமும் இல்லாமல் அவருடையது. கோயிலுக்குக் காலர் மைக் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மைக் விஷயத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தட்டிப் பார்க்காமல், ஊதிப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசி முடித்தால் அந்த நொடியே அணைத்துவிடுவார். பேட்டரி வீணாகக் கூடாது என்பார். மற்றவர்கள் அணைக்க மறந்தால் எழுந்து போய் அணைத்துவிட்டு, அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

இப்பேர்ப்பட்ட அண்ணனும் தம்பியும் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருடமாகப் பேசவில்லை. காரணம் பெரிய காரணம்தான். திருவிழாச் சப்பரத்தின் முன்பக்க வலது கொம்பு யார் தோளில் இருக்க வேண்டும் என்பது. பெரியப்பா மூத்தவர் என்ற உரிமையில் பிடித்தார், நைனா போன வருடம் பிடித்தேன் என்ற உரிமையில் பிடித்தார், நடுவில் புனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அன்றோடு சரி. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் தண்ணீர் பிடிக்கும்போது குழாயடியில் வழக்கம்போலப் பேசிக்கொள்வார்கள்.

அது கஷ்ட காலம். தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. நூல் விலை ஏறியது, லுங்கி விலை ஏறவில்லை. எங்கள் பங்கில் பாதி வீடுகள் தறியை நம்பி இருந்தவை. பெரியப்பாவின் தறிகளும் ஒருநாள் பழைய இரும்பு லாரியில் ஏறிப் போயின. மறுநாளே அவர் இஸ்திரி போட்ட சட்டையும் தோல் பையுமாக முதல் ரயிலுக்குக் கிளம்பினார். கேட்டவர்களிடம் நூல் வியாபாரம் என்றார். தறி நின்ற மற்றவர்களும் ஆளுக்கொரு நல்ல வேலையைச் சொல்லிக்கொண்டு காலையில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோருடைய சட்டையும் வெளுப்பாகத்தான் இருந்தது.

அந்த வருடம் நாற்காலி ஒதுக்கியபோது பெரியப்பா பன்னிரண்டாவதை நைனாவுக்கு வைத்தார். வந்து சொன்ன உபதேசியார் நைனா கத்துவார் என்று எதிர்பார்த்து ஓர் அடி தள்ளியே நின்றார்.

"ஆங், ஒக்கார்றேன்னு சொல்லுங்க," என்றார் நைனா. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. முப்பது காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாகக் கூடப் பிறந்தவனே தன்னை ஆக்கிவிட்டான் என்பது அவருக்கு அப்படி வலித்தது. எனக்கும் வலித்தது. பெரியப்பா வீட்டு நாய்க்குக்கூட நான் அதன்பிறகு பிஸ்கட் போடவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் பக்கம் காற்று வீசியது. குருத்தோலை ஞாயிறுக்குத் தோரணம் கட்ட ஏணியில் ஏறிய சாமியார் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பூசையை உட்கார்ந்தே முடித்துவிட்டு, "வியாழக்கிழமை என்னால் குனிய முடியாது. எனக்குப் பதிலாக யார் முழந்தாளிட்டுக் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டார். கால் நீட்டுவதற்கு அத்தனை போட்டி போட்ட சனம் அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

பெரியப்பா எழுந்து மைக்குக்குப் போனார். தட்டினார். ஊதினார். "யாரும் இல்லன்னா நானே செய்றேங்க," என்றார்.

இதை எங்கள் பக்கத்துக்காரர்கள் சரியாகப் புரிந்துகொள்வார்கள். விருந்துக்குப் போன இடத்தில் 'நான் எழுந்து எலை எடுக்கறேனே' என்று சொல்வோம். 'ஐயையோ, நீங்க ஒக்காருங்க' என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சொல்வது. பெரியப்பாவும் அதற்காகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் சாமியார் தெற்குப் பக்கத்துக்காரர், இடுப்பு வலி வேறு. "ரொம்ப நல்லது, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். பெரியப்பா வாய் திறந்தது திறந்தபடி நின்றார். அப்போதும் மைக்கை அணைக்க மட்டும் மறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நைனா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. நான் பின்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியாமா? கடசி நாற்காலி குட்த்தான் இல்ல? இப்ப அவனே வந்து குனியணும் பாரு!"

அந்தச் சந்தோஷத்தில் எடுத்த முடிவுதான் காலைக் கழுவுவதில்லை என்பது. நைனா பைபாஸ் ஓரம் மெக்கானிக் கடை வைத்திருந்தார். வருடா வருடம் அவர் காலை அம்மா மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தால்தான் தோல் தெரியும். அந்த வருடம் அம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"உங்க அண்ணாரு மேல கோவம்னா அவருகிட்ட காட்டுங்க. ஊரே பாக்கும்யா, என்னியத்தான் சொல்லுவாங்க."

"வருசா வருசம் நீ கழுவுன. இந்த வருசம் அவன் கழுவட்டும்," என்றார் நைனா.

அதோடு பங்குனி உத்திரம் வேறு அந்த வாரமே வந்தது. மலைக்குக் காவடி எடுத்து வந்த வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நின்றன. வியாழக்கிழமை முழுவதும் நைனா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய இஞ்சின் ஆயில் சிந்திய தரையில் வெறுங்காலோடு வேலை செய்தார். சாயங்காலம் வந்து தலைக்குக் குளித்தார், வெள்ளை வேட்டி கட்டினார், இடது காலைப் பளபளவென்று தேய்த்தார். வலது காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கோயிலில் நான் முதல் வரிசையில் தரையில் இடம் பிடித்துவிட்டேன். பெரியப்பா தோளில் துண்டும் காலரில் மைக்குமாக வந்தார். சாமியார் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவின் முதல் நாற்காலியில் அன்று உபதேசியார். பெரியப்பா மைக்கைப் போட்டு "இராயப்பர்" என்பார், அணைப்பார், முழந்தாளிட்டுக் கழுவுவார், துடைப்பார், முத்தமிடுவார். எழுந்து, ஈரக் கையோடே மறுபடியும் மைக்கைப் போட்டு "அந்திரேயா." மறுபடியும் அணைப்பு. ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கியில் 'டப்' என்று ஒரு சத்தம். சுத்தமான கால்கள், சுத்தமான தண்ணீர். பதினோராவது வரை ஒரு குறையும் இல்லை.

"பன்னிரண்டாம் சீடர்," என்றார்.

நைனா வேட்டியைக் கொஞ்சம் தூக்கி வலது காலை நீட்டினார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. பெரியப்பா காலைப் பார்த்தார். அண்ணாந்து நைனாவின் முகத்தைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் எண்ணெய்மேல் பட்டு உருண்டு ஓடியது. கையால் தேய்த்தார், கறுப்பு அவர் கைக்கு வந்தது, காலை விட்டுப் போகவில்லை. நைனா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

பெரியப்பா ஓரமாக நின்ற சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், குசினில தேங்கா நாரும் பாத்திரம் வெளக்குற தூளும் இருந்தா கொஞ்சம் எட்த்தாங்கம்மா."

அது கோயில் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. மைக்கை அணைக்கவில்லை. சனம் சிரித்துவிட்டது. சிஸ்டர் ஓடிப் போய்க் கொண்டுவந்தார். பெரியப்பா முழந்தாளிலிருந்து குந்தி உட்கார்ந்து, நாரைச் சுருட்டி, தூளில் தொட்டு, குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே இழுப்பாகத் தேய்க்க ஆரம்பித்தார். விரலிடுக்கில் நாரை விட்டுச் சுழற்றினார். கறுப்பு உரிந்து வந்தது. அந்த வேகத்தைப் பார்த்துச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"பயந்துக்காதடா," என்றார் பெரியப்பா. இரண்டு வருடத்தில் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது, கோயில் முழுக்கக் கேட்டது. "நூல் யாவாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மணவூர்ல ஒரு ஹாஸ்டல் மெஸ்ல தெனம் அண்டா தேச்சிகினு இருக்கேன். உன் காலு எனக்கு இன்னாடா பெருசு?"

நைனாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் குனிந்து பெரியப்பாவின் கைகளைப் பிடித்தார். சோப்புத் தூளில் ஊறி ஊறி அந்த விரல்களின் தோல் வெளுத்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

"போதும்ணா," என்றார் நைனா. "நான் கழுவிக்கிறேண்ணா."

"சும்மா இர்ரா. இன்னும் குதிகாலு பாக்கி."

அவர் முழுவதும் தேய்த்து முடித்துத்தான் விட்டார். கடைசித் தண்ணீரை ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். நைனா அழுதுகொண்டே அவரைத் தூக்கித் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். பெரிய வியாழன் அன்று யாரும் கைதட்டுவதில்லை. அன்று தட்டினார்கள். கோயிலுக்குள் கைதட்டினால் முறைக்கிற சாமியார், இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாற்காலிக் கையைத் தட்டினார்.

பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, மைத்துனர் நிலத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் பெரியப்பாவிடம் வந்தார். "நான் செங்கச் சூளைல கல்லு தூக்குறேங்க," என்றார். இன்னொருவர் கனகம்மாசத்திரத்தில் பரோட்டாக் கடையில் மாவு பிசைவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள், அவ்வளவு இலேசாக. மெஸ்ஸில் இன்னும் ஆள் வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை முதல் ரயிலில் எங்கள் பங்கு ஆண்கள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். பெரியப்பா கைலியும் பழைய சட்டையுமாகப் போனார். வெள்ளை வேட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகிவிட்டது. அந்த வருடத் திருவிழாவில் சப்பரத்தின் முன்பக்கம் ஒரு தோள் அண்ணன், ஒரு தோள் தம்பி. வலது கொம்பை 'நீ பிடி, நீ பிடி' என்று இருவரும் தள்ளிக்கொண்டதில் புனிதர் மறுபடியும் கொஞ்சம் சாய்ந்தார்.

அன்று நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரியப்பா மைக்கை அணைக்க மறந்து மாட்டிக்கொண்டார், எங்கள் நைனா அவரைக் குனியவைத்தார், இதுதான் என் கதை. வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அதே கோயிலில் வாசகம் வாசிக்க அந்தக் காலர் மைக்கைக் குத்திக்கொண்டேன். முடித்ததும் என் விரல் தானாகப் போய் அதை அணைத்தது. அப்படி அணைக்கச் சின்ன வயதில் எங்களுக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான். வெளியே வந்து பெரியப்பாவிடம் கேட்டேன். அன்று மட்டும் எப்படி மறந்தீர்கள் என்று.

"கை ஈரமா இருந்துச்சும்மா," என்றார்.

அந்திரேயாவிலிருந்து பதினோராவது வரை ஒவ்வொரு தடவையும் ஈரக் கையோடுதான் அவர் அதை அணைத்தார்.